லேப்டாப்புக்குக் கூழ் வார்த்தது

கூழ் முதலில் 'கே' என்ற எழுத்தின் மேல்தான் விழுந்தது. அருணாச்சலம் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்து 'ஜே'யும் இந்தப் பக்கத்து 'எல்'லும் மூழ்கின. அடுத்து சொம்பே சாய்ந்தது. அம்மன் கோயிலில் வார்த்த கேழ்வரகுக் கூழ், மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமுமாக, மாப்பிள்ளையின் லேப்டாப் மேல் எந்த அவசரமும் இல்லாமல் பரவியது.

"தாயே" என்றார் அருணாச்சலம். அதையும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை சந்திரமோகன் பக்கத்து அறையில்தான் விருந்து சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்.

தப்பு முழுக்க அருணாச்சலத்துடையது என்று சொல்லிவிட முடியாது. முக்கால்வாசிதான் அவருடையது. கோயிலிலிருந்து சொம்போடு திரும்பியவர், கூடத்து மேசையில் மூடியிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். மாப்பிள்ளை இதைக் கொண்டுவந்த நேரத்திலிருந்தே அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை திறந்து பார்த்தால் தேய்ந்தா போய்விடும் என்று நினைத்தார். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கையால் மூடியைத் தூக்கினார். மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழும்பியது. அடிப்பாகத்தை அமுக்கிப் பிடிக்க அவரைக் கேட்காமலே இன்னொரு கையும் போய்விட்டது. அந்தக் கையில்தான் சொம்பு இருந்தது.

திரையில் பச்சைப் பின்னணியில் சீட்டுக்கட்டு வரிசையாகப் பரப்பியிருந்தது. இதுவும் ஹார்டுவேரில் ஒரு வேலையாக இருக்கும் என்று அந்தக் கலக்கத்திலும் அவருக்குத் தோன்றியது.

ஹார்டுவேர் என்ற சொல் அவர் வாழ்க்கையில் நுழைந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையின் எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி ஏறும், எண் விழும், சீட்டு கிழித்துக் கொடுப்பார். கல்யாணத் தரகர் வந்து, "மாப்பிள்ளை மெட்ராஸ்ல சொந்தமா ஹார்டுவேர் வச்சிருக்காரு, நாலு பேருக்குச் சம்பளம் குடுக்கிறாரு" என்று சொன்னதும் ஜாதகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எடைமேடையில் ஏறிய எந்த லாரி டிரைவரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் இறங்கியதில்லை.

உடன் வேலை பார்க்கும் மணவாளன் மட்டும் ஒருநாள் கேட்டார். "சாஃப்ட்வேர்னு கேள்விப்பட்டுக்கீறேன். இது இன்னா ஹார்டுவேரு?"

"சாஃப்டுன்னா இன்னா? மெத்துன்னு இருக்கும். அமுக்குனா போயிடும். ஹார்டுன்னா கெட்டி. அது கெட்டியா இருந்தாதான் இதுவே அதுமேல உக்கார முடியும்" என்றார் அருணாச்சலம். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. ஆனால் மணவாளன் வாயடைத்துப் போனதில் ஒருவாரம் சந்தோஷமாக இருந்தார்.

இன்று தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்திருந்தார்கள். வாசலில் கால் வைத்ததுமே மாப்பிள்ளை கதவைத் தொட்டுப் பார்த்து, "தாப்பா லூசா கீதே மாமா" என்றார். இன்ஜினியர் கண் என்றால் அதுதான் என்று அருணாச்சலம் பூரித்துப்போனார். சாப்பிட்டு முடித்த கையோடு மாப்பிள்ளைக்கு ஒரு போன் வந்தது. "டிரைவர் ரெண்டு செட்டு அனுப்பு. போர்டு ஸ்டாக் இல்லன்னு சொல்லு. லாக்கு வந்துடுச்சு, கீ இன்னும் வரல" என்று அவர் பேசியதை அருணாச்சலம் தூணோரம் நின்று கேட்டார். ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதை இரண்டு மடங்கானது.

தூங்கப் போகுமுன் மாப்பிள்ளை லேப்டாப்பைக் காட்டிச் சொன்னதுதான் இப்போது காதில் ஒலித்தது.

"கம்பெனிக்காரன் குடுத்தது மாமா. இந்த வருசம் டார்கெட்டைத் தாண்டிட்டேன்ல, அதுக்கு. யாரும் கை வைக்காம பாத்துக்குங்க. எனக்கே இதைத் தொடப் பயமாத்தான் கீது."

ஹார்டுவேர்காரரே தொடப் பயப்படும் பொருளுக்குள் இப்போது அரைச் சொம்பு கூழ் இருந்தது.

அருணாச்சலம் தோளிலிருந்த துண்டை எடுத்துத் துடைத்தார். மேலே இருந்த கூழ் எழுத்துகளின் இடுக்குக்குள் போனது. கவிழ்த்துத் தட்டினார். ஒரு வெங்காயத் துண்டு மட்டும் வெளியே வந்தது. பிறகு அவர் யோசித்தார். பிறந்ததிலிருந்து கூழ் குடித்து வளர்ந்தவர் அவர். கூழ் கெட்டியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கினால் தானாக வழிந்துவிடும்.

தண்ணீர் விட்டார். கூழ் இளகியது. ஆனால் வெளியே வழியவில்லை, உள்ளே வழிந்தது. லேப்டாப் 'ஙொய்' என்று ஒரு சத்தம் போட்டது. சீட்டுக்கட்டு மறைந்தது. திரை கருத்துப்போனது.

அருணாச்சலம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லேப்டாப் போனதுகூடப் பெரிதில்லை. ஆடி மாதம் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், மாப்பிள்ளை மட்டும் சாயங்கால ரயிலில் திரும்பிப்போவார். கோபத்தோடு போனால் ஆடி முடிகிறவரை சமாதானம் செய்யவும் வழியில்லை. சம்பந்தியம்மாளோ கல்யாணப் பாயசத்தில் முந்திரி குறைந்ததை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர். மாமனார் லேப்டாப்பில் கூழ் ஊற்றினார் என்று தெரிந்தால் பேரப்பிள்ளைக்குக் காது குத்துகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும். கேட்டுக்கொண்டு நிற்கப்போவது மகள் திலகவதி. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டு வயிறு நிறைந்துபோயிருந்தவர் அவர். அந்தச் சிரிப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டார்.

கொல்லைப்புறத்தில் மனைவி ஜானகியம்மாளும் திலகவதியும் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. அருணாச்சலம் எழுந்தார். லேப்டாப்பை ஒயர் கூடைக்குள் வைத்து மேலே வாழையிலை போட்டு மூடினார். காலியான லேப்டாப் பை தொளதொளவென்று கிடந்தது. யாராவது பார்த்தால் சந்தேகம் வரும். அதே கனத்தில், அதே அகலத்தில் ஏதாவது வேண்டும். சமையலறைக்குள் போய்ச் சப்பாத்திப் பலகையை எடுத்துவந்து பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பையைத் தொட்டுப் பார்த்ததில் லேப்டாப்பைவிடப் பலகை பொருத்தமாக இருப்பதுபோல் தோன்றியது.

"மணவாளனைப் பாத்துட்டு வரேன்" என்று கொல்லைப்புறம் பார்த்துச் சொல்லிவிட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருக்கோடி வரை போய், அங்கே ஸ்டார்ட் செய்தார். கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த அஸ்கர் அலி கடை வரை வழியில் வந்த எல்லா அம்மன் கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஆடி ஞாயிறு என்பதால் எல்லாக் கோயிலிலும் கூழ்தான் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் அதிகம் பார்க்கவில்லை.

அஸ்கர் அலியின் சொந்த ஊர் பழவேற்காடு. பஜாரில் அவருக்கு எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் கடை. எடைமேடை மக்கர் செய்யும்போதெல்லாம் வருகிறவர். மீன்காரம்மாக்களின் தராசு முதல் நகைக்கடைத் தராசு வரை அவர் கை படாமல் அந்த வட்டாரத்தில் எதையும் நிறுக்க முடியாது. அவர் கூடையிலிருந்த வாழையிலையை விலக்கினார். குனிந்து மோந்து பார்த்தார்.

"அண்ணே, இது இன்னா? லேப்டாப்புல கூழா, கூழுல லேப்டாப்பா?"

"நம்ம மாப்பிள்ளைது பாய். சாயங்காலம் ரயிலுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடு."

"யாரு, அந்த ஹார்டுவேர் மாப்பிள்ளையா?"

"அவருதான். கதவுத் தாப்பா லூசா இருந்தாலே கண்டுபுடிக்கிறாரு. ஒரு வெங்காயம் உள்ள இருந்தாலும் நான் காலி. நீ இதுக்கு முன்னாடி லேப்டாப்ப தொறந்துக்கிறியா பாய்?"

"தராசைத் தொறந்துக்கிறேன். தராசுக்குள்ள இன்னா கீதோ அதேதான் இதுக்குள்ளயும் கீது. இது எடை காட்டாது, அவ்ளோதான்."

இந்த விளக்கம் அருணாச்சலத்துக்குத் தைரியம் கொடுத்தது. அஸ்கர் அலி ஊக்கால் நெம்பி எழுத்துப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எவர்சில்வர் தட்டில் போட்டார். டக், டக் என்று ஒவ்வொன்றும் விழும்போது அருணாச்சலத்துக்குத் தன் பல்லைப் பிடுங்குவதுபோல் இருந்தது. உள்ளே இருந்த கூழைத் துணியால் ஒற்றி எடுத்தார். வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கித் தனியாக ஒரு காகிதத்தில் வைத்தார்.

"இது எதுக்கு பாய்?"

"உள்ளருந்து எடுத்த பார்ட்ஸை கஸ்டமருக்குக் காட்டணும்ல. நம்ம கடை வழக்கம்."

அடிப்பாகத்தை மேசை விசிறிக்கு முன்னால் காய வைத்தாயிற்று. ஆனால் பட்டன்களில் ஒட்டிய கூழ் காய்ந்துபோய், சுரண்டினாலும் வரவில்லை. அஸ்கர் அலி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"தின்னர். பெயிண்டையே கரைச்சிடும், கூழு இன்னா ஜுஜுபி. மெட்ராஸ்லருந்து வர்ற சரக்கு. கலப்படம் இல்லாத கடை ஒண்ணு புடிச்சி வச்சிக்கீறேன், அங்கதான் வாங்குவேன்."

தட்டிலேயே ஊற்றினார். தின்னர் வாசனை கடையைத் தூக்கியது. கூழ் நிமிடத்தில் கரைந்தது. அஸ்கர் அலி ஒரு பட்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு தட்டையே பார்த்தார்.

"பளபளன்னு ஆயிடுச்சி பாய்" என்றார் அருணாச்சலம்.

"ஆமாண்ணே."

"எழுத்துங்க எங்க பாய்?"

"அதுவும் போயிடுச்சிண்ணே. நான்தான் சொன்னேன்ல, கலப்படம் இல்லாத சரக்குன்னு."

அந்த நேரம் பார்த்து அருணாச்சலத்தின் செல்போன் அடித்தது. ஜானகியம்மாள்.

"இன்னாங்க, எங்க கீறீங்க?"

"மணவாளன் ஊட்டுல."

"மணவாளன் அண்ணன் இங்க உக்காந்து கூழ் குடிச்சிக்கினு கீறாரே."

"அதான் சொல்றேன். அவரு ஊட்டுல அவரு இல்ல. அதான் காத்துக்கினு கீறேன்."

"சப்பாத்திப் பலகையைக் காணோம். மாப்பிள்ளைக்குச் சாயங்காலம் சப்பாத்தி போடலாம்னு மாவு பெசஞ்சிட்டேன். எங்கனா பாத்தீங்களா?"

"பலகையெல்லாம் நான் எதுக்குமா பாக்கறேன்? உப்புமா பண்ணு" என்று போனை வைத்தார்.

அஸ்கர் அலி இதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எடைக்கற்களின் மேல் நம்பர் எழுதுகிற வெள்ளை எனாமல் பெயிண்ட் இருந்தது. சன்னமான பிரஷும் இருந்தது. எழுத்துகளை மறுபடி எழுதிவிடலாம்.

"எந்த எழுத்து எங்க இருந்துச்சின்னு ஞாபகம் கீதாண்ணே?"

அருணாச்சலம் நெற்றியைத் தேய்த்தார். எடைமேடை மெஷினில் எண்கள் மட்டும்தான். எழுத்தை அவர் இன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தார், அதுவும் கூழோடு. "கூழு மொதல்ல கே மேல விழுந்துச்சி பாய். அது மட்டும் சாகற வரைக்கும் மறக்காது. அந்தாண்ட ஜே, இந்தாண்ட எல்."

"ஜே, கே, எல்" என்று அஸ்கர் அலி சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ஏபிசிடி வரிசைதாண்ணே. இங்கிலீசு எழுத்துக்கு வேற எந்த வரிசை இருக்கப்போவுது?"

"அதானே. நம்பருங்க ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஒழுங்காதான கீது. எழுத்தை மட்டும் கலைச்சிப் போட அவங்களுக்கு இன்னா பைத்தியமா?"

இருவரும் பட்டன்கள் இருந்த குழிகளை எண்ணினார்கள். மேலே பத்து, நடுவில் ஒன்பது, கீழே ஏழு. கூட்டினால் இருபத்தாறு. ஒன்றுகூட மிச்சமில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். அஸ்கர் அலி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மேல் வரிசை 'ஜே'யோடு முடிந்து, 'கே' நடுவரிசையில் விழுந்தபோது மட்டும் அருணாச்சலத்துக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சே பாய்."

"கூழு வழுக்கிவிட்டிருக்கும்ணே."

மறுபடி போன் அடித்தது. இந்தமுறை ஜானகியம்மாள் கிசுகிசுத்தாள்.

"பலகை கெடச்சிடுச்சி. எங்க தெரியுமா? மாப்பிள்ளை பையில."

அருணாச்சலம் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"பையத் தொடைக்கலாம்னு தூக்குனேன், கனமா இருந்துச்சி. ஜிப்பு தொறந்து பாத்தா நம்ம பலகை. அந்தப் பொட்டியைக் காணோம், எங்க வச்சாருன்னு தெரியல. பாவம், வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டுக்கினு எடுத்து வச்சிக்கீறாரு."

"ஜானகி, அத வெளிய எடுத்து..."

"எடுக்கறதா? நல்லா சொன்னீங்க. அவரு மொகத்தை எப்படிப் பாக்கறது? நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்டுறாதீங்க. வெறும் பலகையை வச்சிக்கினு பசங்க இன்னா பண்ணும்? பூரிக்கட்டையையும் உள்ள வச்சிட்டேன். பெசஞ்சது போக இருந்த கோதுமை மாவையும் கட்டி வச்சிட்டேன்."

அருணாச்சலம் போனை வைத்துவிட்டு அஸ்கர் அலியைப் பார்த்தார். "சீக்கிரம் பாய். கொஞ்சம் விட்டா அம்மிக்கல்லும் ஏறிடும்."

பெயிண்ட் காய்ந்ததும் பட்டன்களை அதனதன் இடத்தில் அழுத்தி உட்கார வைத்தார்கள். ஏபிசிடி வெள்ளை வெளேரென்று, கடைப் பலகைபோல் எடுப்பாக இருந்தது. அஸ்கர் அலி பொத்தானை அமுக்கினார். லேப்டாப் கொஞ்சம் யோசித்தது. பிறகு இருமல்போல் ஒரு சத்தத்தோடு உயிர் வந்து, திரையில் வெளிச்சம் பரவியது. அருணாச்சலம் அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெங்காயப் பொட்டலத்தை வாங்க மறக்கவில்லை. தடயம் எதுவும் மிஞ்சக்கூடாது.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மணவாளன் சப்பணம் போட்டு உட்கார்ந்து மறுபடி கூழ் குடித்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தில் அவர் எந்த வீட்டிலும் ஒரு சொம்போடு நிறுத்தியதில்லை.

"எங்க ஊட்டுலதான் காத்துக்கினு இருந்தியாமே" என்றார் மணவாளன்.

"ஆமா. நீ ஏன் வரல?" என்று அருணாச்சலம் கோபமாகக் கேட்டார். மணவாளன் குழம்பிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்புறத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அருணாச்சலம் பாய்ந்துபோய் லேப்டாப்பை மேசையில் வைத்து, முன்பு இருந்ததுபோலவே மூடிவைத்தார். பையிலிருந்து பலகையை எடுக்கக் கையை விட்டார். மாவுப் பொட்டலம் பிரிந்து முழங்கைவரை வெள்ளையானது. அந்த நேரம் சந்திரமோகன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். பின்னாலேயே திலகவதி காப்பியோடு வந்தாள்.

"நைனா, கையெல்லாம் இன்னா மாவு?"

"சப்பாத்தி" என்றார் அருணாச்சலம்.

சந்திரமோகன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். உடனே அவர் மூக்கு விரிந்தது. ஒருமுறை இழுத்தார். கண்ணை மூடி இன்னொருமுறை ஆழமாக இழுத்தார்.

"மாமா, தின்னர் வாசனை வருதே."

அருணாச்சலம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம்னு..."

"சொல்லவே இல்லையே" என்று மாப்பிள்ளை சுவரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத்துப் பட்டன்களைப் பார்த்தார். நகத்தால் ஒன்றை லேசாகச் சுரண்டினார்.

"எனாமல்" என்றார்.

முடிந்தது என்று அருணாச்சலம் நினைத்தார். பெயிண்டை ஒரு நொடியில் கண்டுபிடித்தவர் கூழைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"நல்ல கை வேலை" என்று மாப்பிள்ளை சொன்னார். "இப்பதான் எழுத்தே கண்ணுக்குத் தெரியுது. முன்னெல்லாம் ஒண்ணொண்ணையும் தேடித் தேடி மண்டை காஞ்சிடும் மாமா. இப்ப பாருங்க, ஸ்கூல்ல படிச்ச மாதிரியே வரிசையா கீது."

ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் நீட்டி, முதலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய், 'எஸ்'ஸைக் கண்டுபிடித்து அமுக்கினார். திரையில் 'எல்' விழுந்தது. 'ஆர்' அமுக்கினார், 'கே' வந்தது. 'ஐ' அமுக்கினார், 'ஓ' வந்தது.

"ஸ்ரீன்னு அடிச்சா இப்படி வருது. எனக்கு மாதிரியே இதுக்கும் ஸ்பெல்லிங் வராது மாமா" என்று சிரித்தார். திலகவதியும் தோளுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

அருணாச்சலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. ஹார்டுவேரையே தொழிலாக வைத்திருக்கும் மனிதர், தாழ்ப்பாளைத் தொட்டாலே குறை சொல்லக்கூடியவர், தன் லேப்டாப் நாசமானது தெரியாமலா இருப்பார்? தெரிந்தும் தெரியாததுபோல், ஒற்றை விரலால் தடவித் தடவி நடிக்கிறார். மாமனார் தலைகுனியக் கூடாதே என்று, மணவாளன் முன்னால் மானம் போகக் கூடாதே என்று நடிக்கிறார். இப்படிப்பட்ட பெருந்தன்மை எந்தச் சாஃப்ட்வேருக்கு வரும்? இவரிடம் போய் மறைத்தோமே. இனி ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது என்று முடிவு செய்தார்.

"மாப்பிள்ளை" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க மனசு யாருக்கும் வராது. டேய் மணவாளா, நீயும் கேளு. ஹார்டுவேர்னா இன்னான்னு அன்னிக்குக் கேட்டியே. இவரைப் பாத்துத் தெரிஞ்சிக்கோ."

மணவாளன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து ஜானகியம்மாள் எட்டிப் பார்த்தாள். பலகை விஷயத்தைத்தான் போட்டு உடைக்கப் போகிறார் என்று பயந்து, வேண்டாம் வேண்டாம் என்று கரண்டியை ஆட்டினாள். சந்திரமோகன் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அஸ்கர் அலி கையில் ஒரு சின்னப் பட்டனோடு படியேறினார்.

"அண்ணே, எழுத்தில்லாத ஓரத்துப் பட்டன் ஒண்ணு தட்டுலயே தங்கிடுச்சி, அதான் குடுத்துட்டு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"அட, பாரிஸ் கார்னர்ல ஆணி, தாப்பா, பெயிண்டு விக்கிற நம்ம மோகன் சாரு! அண்ணே, உங்க எழுத்தை அழிச்ச தின்னரே இவரு கடையில வாங்குனதுதான்."